எல்லாவற்றுக்கும் ஒரே ரிமோட்: தேர்ந்தெடுப்பதும் பழக்குவதும்

எங்கள் கூடத்தில் டி.வி.க்கு எதிரே ஒரு மூங்கில் தட்டு உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்பு அதில் ஐந்து ரிமோட்கள் கிடந்தன: டி.வி., டி.டி.எச். பெட்டி, ஏ.வி. ரிசீவர் (ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்துத் தரும் பெட்டி), புளூ-ரே பிளேயர், ஃபயர் டி.வி. ஸ்டிக் (டி.வி.யில் செருகி இணையத்தில் படம் பார்க்கும் கருவி). அம்மாவுக்கு வேண்டியது மாலைச் செய்தி மட்டும்தான். அதற்கு அவர் மூன்று ரிமோட்களை எடுத்து, சரியான வரிசையில் ஆறு பொத்தான்களை அழுத்த வேண்டியிருந்தது. ஒன்று தவறினால் படம் வரும், சத்தம் வராது. அல்லது சத்தம் மட்டும் வரும். நான் வெளியூர் போயிருந்த இரண்டு வாரமும் அவர் டி.வி.யைப் போடவே இல்லை, பக்கத்து வீட்டில் போய்ச் செய்தி பார்த்தார் என்பது திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது. அந்த வருத்தத்தில், எல்லாவற்றையும் இயக்கும் ஒரே ரிமோட்டை, அதாவது யுனிவர்சல் ரிமோட்டை, தேர்ந்தெடுத்துப் பழக்குவது பற்றி நான் கற்றுக்கொண்டவை இவை.

ஆகவே இங்கே அளவுகோல் ஒன்றுதான். வீட்டில் கருவிகள்மேல் ஆர்வம் மிகக் குறைந்தவர், நீங்கள் இல்லாத ஒரு மாலையில், தனியாக டி.வி.யைப் போட்டுப் பார்த்து அணைக்க முடிய வேண்டும். எத்தனை ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய ரிமோட்டாக இருந்தாலும், இது நடக்காதவரை வேலை பாக்கி இருக்கிறது.

கடைக்குப் போகும் முன் ஒரு தாள்

முதலில் ஒரு தாளை எடுத்து, கட்டுப்படுத்த வேண்டிய கருவிகளை ஒவ்வொன்றாக எழுதுங்கள். நிறுவனப் பெயர் மட்டும் போதாது. பின்பக்க ஒட்டியில் உள்ள மாடல் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே நிறுவனம் வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு சங்கேதங்களைப் பயன்படுத்தியிருக்கும். பிறகு அந்தத் தாளைத் தட்டிலேயே வைத்துவிட்டு, ஒரு வாரம் யார் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் ஐந்து ரிமோட்களிலும் சேர்த்து இருநூறு பொத்தான்கள் இருந்திருக்கும். கோடு விழுந்தவை பதினேழு. புதிய ரிமோட்டில் கைக்கு எட்ட வேண்டியவை அந்தப் பதினேழுதான். இந்த ஒரு வாரக் கணக்கை எடுக்காமல் வாங்கப் போகிறவர்கள், பொத்தான் அதிகம் உள்ள ரிமோட்டே நல்லது என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள்.

அடுத்து, ஒவ்வொரு கருவியும் எந்த வழியில் கட்டளையைக் கேட்கிறது என்று பாருங்கள். இதற்குக் கைபேசி போதும். கேமராவைத் திறந்து, ரிமோட்டின் முனையை லென்சுக்கு நேரே பிடித்து ஒரு பொத்தானை அழுத்துங்கள். திரையில் வெளிர் ஊதா நிறத்தில் ஒளி மினுக்கினால் அது அகச்சிவப்பு ரிமோட். சில கைபேசிகளின் பின்பக்கக் கேமராவில் இந்த ஒளியைத் தடுக்கும் வடிகட்டி இருக்கும். செல்ஃபி கேமராவில் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஒளியே தெரியவில்லை, ரிமோட்டைச் சுவரைப் பார்த்துத் திருப்பி அழுத்தினாலும் கருவி கேட்கிறது என்றால் அது புளூடூத் அல்லது வைஃபை.

ஃபயர் டி.வி. ஸ்டிக்கின் ரிமோட்டை இப்படிச் சோதித்தால் ஒரு விஷயம் தெரியவரும். டி.வி.யின் பவரையும் ஒலி அளவையும் மாற்றும் பொத்தான்களை அழுத்தும்போது ஒளி வரும். அம்புக்குறிப் பொத்தான்களை அழுத்தினால் வராது. அது டி.வி.யோடு அகச்சிவப்பிலும் ஸ்டிக்கோடு புளூடூத்திலும் பேசுகிறது. ஸ்டிக்கில் அகச்சிவப்பைக் கேட்கும் கண் கிடையாது. எனவே அகச்சிவப்பு மட்டும் உள்ள மலிவான யுனிவர்சல் ரிமோட்டால் அந்த ஸ்டிக்கை இயக்கவே முடியாது. வாங்கிய பிறகு பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

அகச்சிவப்பு வேலை செய்யும் விதத்தையும் சுருக்கமாகத் தெரிந்துகொள்வது நல்லது. ரிமோட்டின் முனையில் உள்ள சிறு எல்.இ.டி. பெரும்பாலும் 940 நானோமீட்டர் அலைநீளத்தில், கண்ணுக்குத் தெரியாத ஒளியை வீசுகிறது. அறையில் வேறு வெளிச்சங்களும் இருப்பதால், அவற்றிலிருந்து பிரித்தறிய அந்த ஒளி நொடிக்குச் சுமார் 38,000 முறை துடிக்கிறது. அந்தத் துடிப்புக் கூட்டங்களின் நீளமும் இடைவெளியும்தான் சங்கேதம்.   சோனி நொடிக்கு 40,000 துடிப்பைப் பயன்படுத்துகிறது, பிலிப்ஸின் ஆர்.சி.-5 முறைக்கு 36,000. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு பேச்சு மொழி. யுனிவர்சல் ரிமோட் அவற்றில் பலவற்றைப் பேசத் தெரிந்தது, அவ்வளவுதான்.

வாங்காமலே முடியுமா என்று பாருங்கள்

காசு செலவழிக்கும் முன் ஒரு மாலையை இதற்குக் கொடுங்கள். கருவிகளை டி.வி.யோடு இணைக்கும் எச்.டி.எம்.ஐ. கேபிளில் 13-ஆம் முனை கருவிகள் தமக்குள் கட்டளை பரிமாறிக்கொள்வதற்காகவே இருக்கிறது. இதன் பெயர் சி.இ.சி. ஆனால் டி.வி.யின் அமைப்புகளில் அந்தப் பெயரில் தேடினால் கிடைக்காமல் போகலாம்: சாம்சங் இதை எனிநெட் பிளஸ் என்கிறது, எல்.ஜி. சிம்ப்லிங்க் என்கிறது, சோனி பிராவியா சிங்க் என்கிறது. டி.வி.யிலும் சவுண்ட்பாரிலும் ஸ்டிக்கிலும் இதை இயக்கிவிட்டால், ஸ்டிக்கின் ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தியதும் டி.வி. விழித்துத் தானாக அந்த இன்புட்டுக்கு மாறும். சவுண்ட்பார் டி.வி.யின் ஏ.ஆர்.சி. துளையில் (டி.வி.யின் ஒலியை வெளியே அனுப்பும் எச்.டி.எம்.ஐ. துளை) இணைந்திருந்தால் ஒலி அளவும் அதே ரிமோட்டில் வந்துவிடும். ஃபயர் டி.வி.யில் அமைப்புகளுக்குள் உள்ள எக்விப்மென்ட் கண்ட்ரோல் பகுதியில் டி.வி., சவுண்ட்பார் பெயர்களைத் தேர்ந்தெடுத்தால் மீதி வேலையும் முடியும்.

டி.வி., சவுண்ட்பார், ஸ்டிக் என்று மூன்றே கருவிகள் உள்ள வீட்டில் இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. அப்படிப்பட்டவர்கள் இங்கேயே நிறுத்திக்கொண்டு அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம். சிக்கல், டி.டி.எச். பெட்டியும் ஏ.வி. ரிசீவரும் சேரும்போதுதான். பல டி.டி.எச். பெட்டிகள் சி.இ.சி. பேச்சில் சேருவதே இல்லை. சேரும் கருவிகளும், நிறுவனம் வேறு வேறானால் பாதிக் கட்டளைகளை மட்டும் புரிந்துகொள்வதுண்டு.

எந்த வகை உங்களுக்கு?

மிக மலிவான வழி உங்கள் தட்டிலேயே இருக்கக்கூடும். டி.டி.எச். நிறுவனங்களும் கேபிள் நிறுவனங்களும் தரும் ரிமோட்கள் பலவற்றில், டி.வி.க்கென்று நான்கைந்து பொத்தான்கள் தனியாக ஒதுக்கப்பட்டிருக்கும். அவை பழக்கினால், அதாவது டி.வி.யின் ரிமோட்டை எதிரே வைத்து அழுத்திக் காட்டினால், அதன் சங்கேதத்தைக் கற்றுக்கொள்பவை. டி.வி.யும் பெட்டியும் மட்டும் உள்ள வீட்டுக்கு இது போதும். இல்லாவிட்டால் சென்னை ரிச்சி தெரு போன்ற மின்னணுக் கடைவீதிகளில் லேர்னிங் ரிமோட் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

அடுத்தது குறியீட்டு எண் போட்டு இயக்கும் வகை. ஒன் ஃபார் ஆல் நிறுவனத்தின் ரிமோட்கள் இதற்கு நல்ல உதாரணம். ஆயிரக்கணக்கான மாடல்களின் சங்கேதங்கள் ரிமோட்டுக்குள்ளேயே இருக்கும்; எண்ணை அழுத்தினால் அது வெளியே வரும். மூன்று நான்கு அகச்சிவப்புக் கருவிகளுக்கு இதையே பரிந்துரைப்பேன். வாங்கும்போது, பட்டியலில் இல்லாத கருவியைப் பழக்கும் வசதியும் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். அது இல்லாத ரிமோட் வேண்டாம்.

கடைசியாக, ஹப் எனப்படும் சிறு பெட்டியோடு வருபவை. சோஃபாபேட்டன் எக்ஸ்1 அப்படிப்பட்டது. கையில் உள்ள ரிமோட் ஹப்பிடம் சொல்லும். ஹப் அகச்சிவப்பாகவும் புளூடூத்தாகவும் கருவிகளுக்குக் கட்டளை அனுப்பும். அகச்சிவப்பு கேட்காத ஸ்டிக்கும் இதற்குள் அடங்கிவிடும். கருவிகளைக் கதவு மூடிய அலமாரிக்குள் வைத்திருப்பவர்களுக்கும் இதுதான் வழி. விலை அதிகம். அமைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வேண்டும்.

பழைய விவரங்களைப் படிப்பவர்கள் லாஜிடெக் ஹார்மனியைத்தான் சிறந்தது என்று கேள்விப்பட்டிருப்பார்கள். உண்மையிலேயே அருமையான ரிமோட். ஆனால் 2021 ஏப்ரலில் அதன் தயாரிப்பை நிறுத்துவதாக லாஜிடெக் அறிவித்துவிட்டது. அதை அமைப்பதற்கு நிறுவனத்தின் இணையச் சேவை தேவை என்பதால், முதன்முறை வாங்குபவர் இரண்டாம் கையாக அதைத் தேடிப் போக வேண்டாம் என்பது என் கருத்து. கைபேசியில் உள்ள அகச்சிவப்பு வசதியையும் நான் பரிந்துரைப்பதில்லை. ஷவோமி கைபேசிகள் பலவற்றில் அது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் கைபேசிக்காரர் வேலைக்குப் போய்விட்டால் ரிமோட்டும் போய்விடும்.

எந்த வகையானாலும் கடையில் கையில் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பாருங்கள். ஒலி கூட்டும் பொத்தானும் சானல் மாற்றும் பொத்தானும் தொட்டதும் வேறு வேறு என்று தெரிய வேண்டும். தொடுதிரை உள்ளவற்றை வயதானவர்களுக்கு வாங்காதீர்கள். விளக்கை அணைத்துப் படம் பார்க்கும்போது குனிந்து பார்த்துத் தேட வேண்டிய ரிமோட் வீட்டுக்கு ஆகாது.

பழக்குதல்

புதிய அல்கலைன் பேட்டரி போட்டுத் தொடங்குங்கள். பழைய ரிமோட்டிலும் புதிய பேட்டரி வேண்டும். பழக்கும்போது பேச வேண்டியது அதுதான். திரைச்சீலையை இழுத்துவிடுங்கள். நேர் வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு. அது குறுக்கே வரும்.

குறியீட்டு முறையில் செய்வது இப்படி: கட்டுப்படுத்த வேண்டிய கருவியை இயக்கி வையுங்கள். ரிமோட்டின் செட்டப் பொத்தானை, சிறுவிளக்கு இருமுறை மினுக்கும்வரை அழுத்திப் பிடியுங்கள். எந்தக் கருவி என்பதற்கான பொத்தானை அழுத்தி, கையேட்டில் உங்கள் நிறுவனத்துக்கு நேரே உள்ள எண்களில் முதலாவதைப் போடுங்கள். விளக்கு மறுபடி இருமுறை மினுக்கினால் ஏற்றுக்கொண்டது. ஒன் ஃபார் ஆல் மாடல்கள் பலவற்றில், எண் தெரியாவிட்டால் 9-9-1 என்று அழுத்தித் தானாகத் தேடச் செய்யலாம். வேறு நிறுவனங்களின் கையேட்டிலும் தேடும் முறை இருக்கும்.

இங்கே அவசரப்படாதீர்கள். பவர் வேலை செய்தவுடன் கிடைத்துவிட்டது என்று நிறுத்திவிடுகிறோம். ஒரே நிறுவனத்தின் பல குறியீடுகளில் பவர் ஒன்றாகவே இருக்கும். இன்புட், மெனு, அம்புக்குறி ஆகியவை வேறுபடும். எனவே உங்கள் தாளில் கோடு விழுந்த பொத்தான்கள் அனைத்தையும் அழுத்திப் பாருங்கள். ஒன்று தவறினாலும் அடுத்த எண்ணுக்குப் போங்கள். கிடைத்த எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதி பேட்டரி மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். பேட்டரியை எடுத்தால் மறந்துவிடும் ரிமோட்கள் இன்னும் இருக்கின்றன.

எந்த எண்ணிலும் வராத பொத்தான்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பழக்குங்கள். மேசைமேல் இரண்டு ரிமோட்களையும் முனையும் முனையும் எதிரெதிராக இருக்கும்படி, மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியில் படுக்க வையுங்கள். இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். தேவைப்பட்டால் ஒன்றின் கீழே தாளை மடித்து வையுங்கள். புதியதைக் கற்கும் நிலைக்குக் கொண்டுவந்து, எந்தப் பொத்தான் கற்க வேண்டுமோ அதை அழுத்துங்கள். பிறகு பழையதில் அதற்கு இணையானதை ஒருமுறை, சுருக்கமாக அழுத்துங்கள். பிடித்துக்கொண்டே இருந்தால் திரும்பத் திரும்ப வரும் துடிப்பையும் சேர்த்துப் பதிந்துகொள்ளும். பிறகு ஒலியைக் கூட்ட ஒருமுறை அழுத்தினால் மூன்று படி ஏறும். அப்படி நடந்தால் அந்தப் பொத்தானை அழித்துவிட்டு மறுபடி பழக்க வேண்டியதுதான்.

ஹோம் தியேட்டர் அறையில் ஏ.சி. இருந்தால் ஒரு சிறு குறிப்பு. ஏ.சி. ரிமோட் ஒவ்வொரு அழுத்தத்திலும் வெப்பநிலை, நிலை, காற்றின் வேகம் என்று முழு நிலவரத்தையும் ஒரே மூச்சில் அனுப்புகிறது. ஆகவே வெப்பநிலையைக் கூட்டும் பொத்தானைப் பழக்கினால் அது கூட்டாது. பழக்கியபோது திரையில் இருந்த வெப்பநிலைக்கே மறுபடி கொண்டுபோகும். அதையே நமக்குச் சாதகமாக்கலாம்: 25 டிகிரி, மெல்லிய காற்று என்று ஒரு பொத்தான், அணைக்க இன்னொன்று. ஏ.சி.யின் சங்கேதம் நீளமானது என்பதால் சில ரிமோட்களுக்கு அது பதியாது.

ஒரே அழுத்தில் எல்லாம்: இங்கேதான் கவனம்

பல கட்டளைகளை வரிசையாகக் கோத்து ஒரே பொத்தானில் வைப்பதற்கு மேக்ரோ என்று பெயர். அம்மா ஆறு பொத்தான் அழுத்திய இடத்தில் ஒன்று போதும் என்று ஆக்குவது இதுதான். ஆனால் முதல் முறை நான் அமைத்த மேக்ரோ மூன்றே நாளில் கெட்டது. காரணம் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் ஆனது.

சாதாரண பவர் பொத்தான் போடு என்றோ அணை என்றோ சொல்வதில்லை. இருக்கும் நிலையை மாற்று என்று மட்டும் சொல்கிறது. யாராவது டி.வி.யை மட்டும் தனியாக அணைத்துவிட்டுப் போயிருந்தால், அடுத்து எல்லாவற்றையும் அணைக்கும் மேக்ரோவை அழுத்தும்போது மற்றவை அணையும், டி.வி. விழித்துக்கொள்ளும். அதன்பின் எப்போது அழுத்தினாலும் ஏறுக்குமாறுதான். இதற்குத் தீர்வு, போடுவதற்கு ஒரு கட்டளை, அணைப்பதற்கு வேறொரு கட்டளை என்று பிரிந்த சங்கேதங்கள். ஏற்கெனவே போட்டிருக்கும் கருவிக்குப் போடு என்று சொன்னால் அது பேசாமல் இருக்கும். ஏ.வி. ரிசீவர்கள் பலவற்றுக்கு இப்படிப்பட்ட சங்கேதங்கள் உண்டு, அதனுடன் வந்த ரிமோட்டில் தனிப் பொத்தான் இல்லாவிட்டாலும்கூட. செயலி மூலம் அமைக்கும் ரிமோட்களின் கட்டளைப் பட்டியலில் பவர் ஆன், பவர் ஆஃப் என்று இரண்டு தனித்தனியே தெரிந்தால், வெறும் பவரை விட்டுவிட்டு அவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். இன்புட்டுக்கும் இதே விதிதான். பட்டியலில் அடுத்ததற்குப் போ என்ற கட்டளையை மேக்ரோவில் சேர்க்காதீர்கள்; எச்.டி.எம்.ஐ. 1, எச்.டி.எம்.ஐ. 2 என்று நேரடியாகச் சொல்லும் கட்டளையைத் தேடிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்படிப் பிரிந்த பவர் கட்டளை கிடைக்காத டி.வி.யா? உறக்க நிலையில் இருக்கும்போது எண் பொத்தானையோ இன்புட் பொத்தானையோ அழுத்திப் பாருங்கள். பல டி.வி.கள் அதைக் கேட்டே விழித்துக்கொள்ளும். அப்படியானால் போடும் மேக்ரோவில் பவருக்குப் பதில் அதை வையுங்கள். அணைக்கும் மேக்ரோவில் முதலில் அதை அனுப்பி, சில விநாடி விட்டு, பிறகு பவரை அனுப்புங்கள். டி.வி. எந்த நிலையில் இருந்தாலும் முடிவில் அணைந்திருக்கும்.

அடுத்த தவறு அவசரம். இன்றைய டி.வி.கள் கணினி போல எழுந்து வருகின்றன. விழித்து முடிவதற்குள் அனுப்பிய இன்புட் கட்டளை காற்றோடு போய்விடும். எனவே மேக்ரோவின் முதல் கட்டளை டி.வி.யைப் போடுவதாக இருக்கட்டும். பிறகு ரிசீவர், டி.டி.எச். பெட்டி. எட்டு விநாடி போல இடைவெளி விட்டுக் கடைசியில் இன்புட்கள். எவ்வளவு விநாடி என்பதை உங்கள் டி.வி.யைக் கடிகாரம் வைத்துப் பார்த்துத் தீர்மானியுங்கள். ஹப் இல்லாத ரிமோட் என்றால், மேக்ரோ ஓடி முடியும்வரை அதை டி.வி.யை நோக்கியே பிடித்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அழுத்தியவுடன் ரிமோட்டைச் சோபாவில் வைத்துவிடும் பழக்கம் எல்லோருக்கும் இருந்தது. பாதிக் கட்டளைகள் மெத்தைக்குள் போயின. நான் ஹப் வகைக்கு மாறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று: மேக்ரோ வைத்த பிறகு, கருவிகளைத் தானாகப் போட்டு அணைக்கும் சி.இ.சி. வசதியை நிறுத்திவிடுங்கள். இரண்டும் ஒரே வேலையைச் செய்யப் போய் ஒன்றின் கட்டளையை மற்றொன்று கெடுக்கும். ஏ.ஆர்.சி. வழியாக ஒலி வருகிறது என்றால் சி.இ.சி.யை முழுவதும் நிறுத்தாமல், தானாக அணைதல், தானாக விழித்தல் என்ற உட்பிரிவுகளை மட்டும் நிறுத்திப் பாருங்கள்.

கையில் கொடுக்கும் நாள்

மேக்ரோ மூன்றுக்கு மேல் வேண்டாம். எங்கள் வீட்டில் செய்தி, சினிமா, எல்லாம் அணை. ஒலிப் பொத்தான்கள் எந்த நிலையிலும் ரிசீவரையே இயக்கும்படி பூட்டிவிடுங்கள், டி.வி.யின் சொந்த ஒலியை யாரும் தொட வேண்டியதில்லை. மூன்று மேக்ரோ பொத்தான்கள்மேலும் வெவ்வேறு நிறத்தில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தேன். அச்சடித்த எழுத்து அழியும். நகப்பூச்சு நாள் கணக்கில் நிற்கும், மங்கினால் மறுபடி வைக்கலாம்.

பிறகு வீட்டில் ஆர்வம் மிகக் குறைந்தவரிடம் ரிமோட்டைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். அவர் தயங்கும் இடத்தில் வாய் திறக்காதீர்கள், கையை நீட்டாதீர்கள். எந்தப் பொத்தானைத் தேடுகிறார் என்று மட்டும் பாருங்கள். அம்மா, சத்தத்தைக் குறைக்க ஒவ்வொரு முறையும் ரிமோட்டின் மேல்பாதியில் தேடினார். பழைய ரிமோட்டில் அது அங்கே இருந்தது. மேல்பாதியில் சும்மா இருந்த இரண்டு பொத்தான்களுக்கு அதே கட்டளையைக் கொடுத்தேன். அவருடைய விரலை மாற்றுவதைவிட அது எளிது.

ஒரு வாரத்துக்குள் ஏதாவது நிச்சயம் தவறும். ஒரு கருவி மட்டும் கேட்கவில்லை என்றால், சவுண்ட்பாரோ பொம்மையோ அதன் அகச்சிவப்புக் கண்ணை மறைத்து நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். பகலில் கேட்காமல் இரவில் கேட்டால் வெயில். தொலைவிலிருந்து கேட்காமல் அருகில் கேட்டால் பேட்டரி. எல்லாக் கருவியும் ஒன்றாகக் குழம்பினால், யாரோ ஒன்றைக் கையால் அணைத்திருக்கிறார்கள். மேலே சொன்ன பவர் கட்டளைகளை மறுபடி சரிபாருங்கள்.

பழைய ஐந்து ரிமோட்களையும் எறிந்துவிடாதீர்கள். டி.வி.யின் உள் அமைப்புகளை மாற்ற அதன் சொந்த ரிமோட்டே வேண்டியிருக்கும். புதிய ரிமோட் கீழே விழுந்து உடைந்தால், அடுத்ததைப் பழக்கவும் அவைதான் வேண்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, எது எந்தக் கருவிக்கு என்று எழுதி ஒட்டி, ஒரு டப்பாவில் போட்டு டி.வி. அலமாரியின் கீழ்த்தட்டில் வையுங்கள். முதல் வாரம் கோடு போட்ட தாளையும் அதே டப்பாவில் மடித்து வையுங்கள்.